அத்தியூத்தில் யாரும் இருமுவதில்லை

அத்தியூத்து என்கிற மலையடிவார ஊரில் ஒரு வருஷம் பங்குனிக் கடைசி தொடங்கி மார்கழி வரைக்கும் ஊருக்குள் ஒருத்தரும் இருமவில்லை. மூக்குப்பொடி போடுகிறவர்கள் இருமவில்லை, பஞ்சாலையில் வேலை பார்த்து நெஞ்சைக் கெடுத்துக்கொண்டு வந்தவர்கள் இருமவில்லை, கல்யாணப் பந்தியில் மிளகாய் புரையேறியவன்கூடக் கண்ணில் தண்ணீர் முட்ட எழுந்து ஓடி, வாய்க்காலைத் தாண்டிப் போய் இருமிவிட்டு, திரும்பி வந்து மிச்சச் சோற்றைச் சாப்பிட்டான். வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், அவர்களுக்கென்ன, செத்தவன் சாயங்காலமானால் வீடு திரும்புகிற ஊரில் அவர்கள் குடியிருந்து பார்த்ததில்லை.

அந்த வருஷம் பங்குனியில் மலை பற்றிக்கொண்டது. ஆளுயரத்துக்குப் புல் காய்ந்து நின்ற சரிவில் எங்கோ ஒரு பொறி விழுந்து, யார் போட்டது எவர் போட்டது என்று பேசி முடிப்பதற்குள் மூன்று முகடு எரிந்தது. காட்டிலாகாவில் தீக்காவல் பார்க்கும் வாச்சர் வேலையில் இருந்த சன்னாசியும் கூட ஐந்து பேரும் பச்சைக்கொப்பை ஒடித்துக்கொண்டு அடித்து அணைக்க ஏறினார்கள். அந்த மலையில் காற்றுக்கு ஒரு முறை உண்டு. வெயில் ஏறினால் காற்றும் பள்ளத்திலிருந்து மலைக்கு ஏறும், அது ஏறுகாற்று; பொழுது சாய்ந்தால் குளிர்ந்து மலையிலிருந்து ஊருக்கு இறங்கும், அது இறங்குகாற்று. பகலில் தீ மேலேதான் போகும், கீழே நிற்கிறவனுக்குப் பயமில்லை என்று பிறந்ததிலிருந்து பார்த்த பழக்கத்தில் சன்னாசி தீக்குக் கீழே நின்றான். அன்றைக்கு இறங்குகாற்று ஆறு மணிக்கு வராமல் மூன்று மணிக்கே வந்தது. ஐந்து பேர் ஓடி வந்தார்கள். அவனுடைய அரிவாள் மட்டும், மரப்பிடி எரிந்துபோய் வெறும் இரும்பாகக் கிடைத்தது.

உடம்பு கிடைக்கவில்லை. பன்னிரண்டு நாள் புகை ஊரைவிட்டுப் போகவில்லை. பள்ளிக்கூடத்தைப் பூட்டினார்கள், பகலில் விளக்குப் போட்டுச் சமைத்தார்கள், பஸ்காரர்கள் ஆரன் அடித்துக்கொண்டே ஊருக்குள் வந்தார்கள், எல்லாரும் வஞ்சகமில்லாமல் இருமினார்கள். பதின்மூன்றாம் நாள் கோடை மழை கொட்டித் தீயும் அணைந்தது, புகையும் வடிந்தது, வானம் கழுவிவிட்ட தட்டுப்போல இருந்தது. அன்று சாயங்காலம் இறங்குகாற்றோடு ஒரே ஓர் ஆள் அளவுக்குப் புகை, ஒற்றையடிப் பாதை வழியாக, தானாக நடந்து ஊருக்குள் வந்தது.

சன்னாசியின் பெண்டாட்டி பவுன்தாய் அப்போது வாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு நாளும் அவள் அழவில்லை. அழுதால் ஆள் இல்லை என்று ஒத்துக்கொண்டதாகிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். புகை டீக்கடை முன்னால் கொஞ்சம் நின்றது, அவன் நிற்கிற மாதிரியே ஒருக்களித்து நின்றது. கோயில் முன்னால் குனிந்தது. தண்ணீர்த் தொட்டி முக்கில் வழக்கமாகக் குறுக்கே படுத்திருக்கும் நாயைச் சுற்றிக்கொண்டு வந்தது. வாசப்படியில் தலை இடிக்காமல் இருக்கக் கழுத்தை வளைத்து உள்ளே போய், தெற்குச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தது. பவுன்தாய் முறத்தைக் கீழே வைத்தாள். உள்ளே போய் ஒரு சொம்பு தண்ணீர் எடுத்துவந்து வைத்து, "ஏங்க, இம்புட்டு நேரமா?" என்று கேட்டாள்.

ஊர் அதை ஏற்றுக்கொள்ள அதிக நாள் பிடிக்கவில்லை. எதிர்வீட்டிலிருந்து சன்னாசியின் அக்கா செல்லத்தாய் ஓடி வந்தாள். தாய் தகப்பன் இல்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்து ஆளாக்கியவள். ஒரு பார்வை பார்த்தாள், முந்தானையால் வாயைப் பொத்தி அழுதாள், பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, "எளைச்சுப் போயிட்டியேய்யா" என்றாள். கருமாதிக்குத் தேதி குறிக்க வந்தவர்களை வாசலோடு திருப்பினாள். "வீட்டுக்கு வந்து போற ஆளுக்கு எவனாச்சும் கருமாதி வைப்பானா? உங்க வீட்டு ஆம்பளைக்கு வச்சுக்கங்க." அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. பவுன்தாயின் தாலி கழுத்திலேயே கிடந்தது. கணக்கெடுப்புக்கு வந்த டீச்சர் வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டு, சுவரோரம் எட்டிப் பார்த்து, கொஞ்சம் யோசித்து, தாய், மகள், அவன் என்று மூன்று பேரையே எழுதிக்கொண்டாள்.

தினமும் ஆறு மணிக்கு அவன் வந்தான். பெண்கள் அதற்கு முன்னால் கொடியிலிருந்து வெள்ளைத் துணிகளை எடுத்துவிட்டார்கள். டீக்கடையில் ஒரு டம்ளர் டீ அவனுக்கென்று வைக்கப்பட்டது. அவன் அதன்மேல் கொஞ்ச நேரம் குனிந்திருந்துவிட்டுப் போனால் டீயில் மெல்லிய சாம்பல் ஏடு படிந்திருக்கும், கடைக்காரர் அதை மரியாதையாக வேப்பமரத்தடியில் ஊற்றுவார். ஆடியில் கணவாய்க் காற்று அடித்தபோது கிழிந்து கிழிந்து துண்டு துண்டாக வந்து, வாசலில் நின்று தன்னை ஒன்றுசேர்த்துக்கொண்டு உள்ளே போனான். ஐப்பசி மழையில் பாதியாகக் கரைந்து வந்தான் என்று செல்லத்தாய் குடையை எடுத்துக்கொண்டு மலைப்பாதை வரைக்கும் போய்க் கூட்டிவந்தாள். காலையில் வெயில் ஏறி ஏறுகாற்று கிளம்பினால் எட்டு, எட்டரைக்கு அவனும் எழுந்து மலைக்குப் போனான். வேலைக்குப் போகிற மனுஷன் போகத்தானே வேண்டும்.

இருமக் கூடாது என்று வந்தது முதல் வாரத்தில்தான். டீக்கடைக்காரர் முத்திருளப்பன் நல்ல மனுஷர், வேண்டுமென்று செய்யவில்லை, சன்னாசி டம்ளர்மேல் குனிந்திருக்கும்போது நேருக்கு நேராக இரண்டு இருமல் இருமிவிட்டார். புகை திடுக்கிட்டது. அடி வாங்கினவன் மாதிரிப் பின்வாங்கி, நாலு பக்கமும் கலைந்து, வீடு போய்ச் சேர ஒரு மணி நேரமானது. செல்லத்தாய் வந்து கடை முன்னால் நின்று, "வந்தவன் மூஞ்சியில காறி இருமுறீங்களே, சோறுதானே திங்கிறீங்க?" என்று கேட்டாள். முத்திருளப்பன் கையெடுத்துக் கும்பிட்டார். அன்றிலிருந்து, ஒருத்தரும் சொல்லாமலே, ஊர் இருமலை விழுங்கப் பழகியது. தொண்டை அரித்தால் எச்சிலைக் கூட்டி விழுங்கினார்கள், வெல்லத்துண்டை ஒதுக்கிக்கொண்டார்கள், வாய்க்காலுக்கு அப்பால் போய்வந்தார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பதற்கு முன்னால் இதைச் சொல்லிக்கொடுத்தார்கள்.

பவுன்தாய் சந்தோஷமாக இருந்தாள். அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதைக்கு அர்த்தமே இல்லை. உயிரோடு இருந்தபோது மாதத்தில் பாதி நாள் மலையில் கிடந்த மனுஷன், இப்போது ஒரு சாயங்காலம் தவறாமல் வீட்டுக்கு வந்தான். அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தாள், அன்றைக்கு வயற்காட்டில் யார் யாரோடு சண்டை போட்டார்கள் என்று சொன்னாள், சோற்றில் விழுந்த சாம்பலை ஒதுக்காமல் பிசைந்து சாப்பிட்டாள். தெற்குச் சுவர் அவன் முதுகு அளவுக்குக் கறுத்தது. அவள் மூச்சைக் கொஞ்சமாக, மேலோட்டமாக இழுத்து விடப் பழகிக்கொண்டாள். பாதி மூச்சு போதும், ஆள் இருந்தால் சரி என்று நினைத்தாள்.

ஆனால் பிள்ளை முழு மூச்சும் வேண்டுகிற வயதில் இருந்தாள். கனிக்கு ஏழு வயது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தலை சீவி, பொட்டு வைத்து, சிலேட்டை எடுத்துக்கொண்டு அப்பாவுக்காகக் காத்திருப்பாள். அவன் வந்து உட்கார்ந்ததும் அவன் மடியில், அதாவது மடி இருக்கிற இடத்தில், போய் உட்கார்ந்து அந்தப் புகைக்குள் முகம் மறைய மறைய வீட்டுப்பாடம் எழுதுவாள். ஆடி மாதம் அவளுக்கு இளைப்பு வந்தது. நெஞ்சுக்குள் பூனை கத்துகிற மாதிரி ஒரு சத்தம். இருமல் வந்தால் இரண்டு உதட்டையும் உள்ளே மடித்துக்கொண்டு, கண் பிதுங்கக் கீழே அமுக்கினாள். பவுன்தாய் பார்த்துவிட்டால், "ஒண்ணுமில்லம்மா, தூசி" என்றாள்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேதவள்ளி அவள் மூக்கில் மாஸ்க் வைத்து மருந்தை ஆவியாக விட்டபடியே விசாரித்தாள். "வீட்டுல விறகடுப்பா?"

"இல்லக்கா, கேஸு."

"கொசுவத்தி, சாம்பிராணி ஏதும்?"

"இல்ல."

"வீட்டுக்காரரு பீடி சிகரெட்டு குடிப்பாரா?"

"அவரு அதைக் கையால தொடமாட்டாரு" என்று பவுன்தாய் சொன்னாள். அது உண்மைதான். வேதவள்ளியும் அத்தியூத்துக்காரிதான், அவளுக்கும் தெரியும். ஆனாலும் இருவரும் வேறு எங்கோ பார்த்துக்கொண்டார்கள்.

ஐப்பசிக் கடைசியில் மாவட்டத்திலிருந்து பெர்னாடு என்று ஓர் அதிகாரி வந்து பள்ளிக்கூட மாடியில் காற்றை அளக்கிற பெட்டி ஒன்றை வைத்தார். காற்று நன்றாக இருந்தால் பச்சை, சுமாராக இருந்தால் மஞ்சள், கெட்டால் சிவப்பு விளக்கு எரியும். காற்று கெடக் கெட அதில் எண் கூடும்; ஊரில் அது எப்போதும் நாற்பதுக்குள்ளேதான் இருந்தது, சாயங்காலம் ஆறு மணிக்கு மட்டும் துள்ளி ஏறியது. அவர் கையில் பிடிக்கிற சின்னக் கருவியை எடுத்துக்கொண்டு தெருத் தெருவாக நடந்து, பவுன்தாய் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். சுவரோரம் பார்த்து வணக்கம் சொன்னார். பிறகு எண்ணைப் பார்த்தார். நானூற்றுப் பன்னிரண்டு.

வெளியே வந்து அவர் மெதுவாகப் பேசினார். "இவரு நல்லவரா கெட்டவரான்னு இந்த மெசினுக்குத் தெரியாதும்மா. இந்தக் காத்தைப் பிள்ளை இழுக்கக் கூடாது. அதுவும் மார்கழி வருது. பனி இறங்கி இந்தப் பள்ளத்தையே மூடி போட்ட மாதிரி மூடிரும். கீழ குளுந்த காத்து, மேல சூடு, நடுவுல எதுவும் ஏற முடியாது. காலையில அவரு கிளம்பிப் போறாருன்னு சொன்னாங்க இல்லையா, அப்ப அவரால போக முடியாது. பகலும் இங்கதான் இருப்பாரு."

பவுன்தாய்க்கு அதைக் கேட்டதும் முதலில் என்ன தோன்றியது என்று அவள் பின்னால் தன் வாயாலேயே சொன்னாள், சொல்லிவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். முழு நாளும் வீட்டில் இருப்பாரே என்று சந்தோஷப்பட்டாள். அதிகாரி என்னவோ எச்சரிக்கை சொல்ல வந்தால், இவள் ஏதோ நல்ல சேதி வந்த மாதிரி அவருக்குக் காபி போட்டுக் கொடுத்தாள்.

மார்கழியில் அப்படியே ஆனது. எட்டு மணிக்கு எழுந்து வாசல் வரைக்கும் போன சன்னாசி, கூரைக்கு மேலே ஏற முடியாமல், வழி மறித்த மாதிரித் தயங்கி நின்று, திரும்பி வந்து தெற்குச் சுவரில் உட்கார்ந்தான். முதல் மூன்று நாள் வீடு பண்டிகை வீடாக இருந்தது. செல்லத்தாய் பணியாரம் சுட்டுக் கொண்டுவந்தாள், ஆட்கள் வந்து உட்கார்ந்து பேசிவிட்டு, தொண்டையைப் பிடித்துக்கொண்டு வாய்க்காலுக்குப் போனார்கள். நான்காம் நாள் கனி சிலேட்டில் எழுதிக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்தாள். உதடு நாவற்பழம் தின்ற மாதிரி இருந்தது. பவுன்தாய் தூக்கிக்கொண்டு ஓடினாள். வேதவள்ளி ஒரு மணி நேரம் போராடி மூச்சைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "இன்னொரு தடவை இப்படித் தூக்கிட்டு வந்தேன்னா எங்கிட்ட மருந்து இருக்கும் பவுனு, பிள்ளைகிட்ட மூச்சு இருக்காது."

பவுன்தாய் என்னென்னவோ செய்து பார்த்தாள். பிள்ளையைச் செல்லத்தாய் வீட்டில் படுக்கவைத்தாள், விடிந்தபோது சன்னாசி அந்த வீட்டுச் சுவரில் சாய்ந்திருந்தான். தன் அண்ணன் ஊருக்கு பஸ் ஏற்றிக் கொண்டுபோனாள். பஸ்ஸுக்குப் பின்னாலேயே, வயல் ஓரமாக, பதினாறு கிலோமீட்டரும் மெலிந்து நீண்டு ஓடி வந்து, இறங்கின இடத்தில் பிள்ளையின் தோளில் கையைப் போட்டான். பிள்ளைமேல் உசிராக இருந்த மனுஷன், அவளைத் தேடி வராமல் எப்படி இருப்பான். அவள் பிள்ளையைத் திரும்பக் கூட்டி வந்துவிட்டாள்.

மறுநாள் பகல் பதினொரு மணி. வெயில் இருந்தும் இல்லாத மாதிரி, ஊரின்மேல் பனி உட்கார்ந்திருந்தது. கனி அப்பா மடியில் சாய்ந்திருந்தாள், அவளது சின்ன நெஞ்சு குழி விழுந்து குழி விழுந்து ஏறி இறங்கியது, உதட்டை மடித்து வைத்திருந்தாள். அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த பவுன்தாய்க்கு அப்போதுதான் ஒன்று விளங்கியது. அவருக்குத் தெரியாது. தான் புகை என்று அவருக்குத் தெரியாது. ஊரே சேர்ந்து, மரியாதை மரியாதை என்று வாயைப் பொத்திக்கொண்டு, ஒன்பது மாதமாக அதை அவரிடமிருந்து மறைத்துவிட்டது.

அவள் வந்து பிள்ளை முன்னால் குத்துக்கால் வைத்து உட்கார்ந்தாள்.

"கனி, இருமு தாயி."

பிள்ளை மாட்டேன் என்று தலையை ஆட்டியது.

"வாயைத் திறந்து நல்லா இருமு. அம்மா ஒண்ணும் சொல்லமாட்டேன்."

"அப்பா கலைஞ்சு போயிருவாரும்மா" என்று கனி சொன்னாள். அதைச் சொல்வதற்கே நாலு தடவை மூச்சு வாங்கினாள். சொல்லி முடித்துவிட்டு உதட்டை இன்னும் இறுக்கி மடித்துக்கொண்டாள், ஓரத்தில் நீலம் ஏறியது.

பவுன்தாய் நிமிர்ந்து புருஷனைப் பார்த்தாள். முகம் என்று ஒன்று இல்லை, ஆனாலும் முகம் இருக்கும் இடம் அவளுக்குத் தெரியும். "ஏங்க," என்றாள், "நீங்க வீட்டுக்கு வரலைங்க. பங்குனியிலேயே மலையில செத்துப் போயிட்டீங்க. வந்தது புகைங்க. பிள்ளை உங்களைத்தான் மூச்சா இழுக்குறா. என்னால உங்ககிட்டச் சொல்ல முடியல, எனக்கு நீங்க வேணும்னு இருந்துச்சு, நான் சொல்லல." பிறகு வாயைத் திறந்து, அவன் முகத்துக்கு நேராக, இருமினாள்.

ஒன்பது மாத இருமல். ஒன்றன்பின் ஒன்றாக, அடிவயிற்றிலிருந்து, தரையில் கையூன்றிக்கொண்டு இருமினாள். செல்லத்தாய் சத்தம் கேட்டு ஓடி வந்து, "வாயைப் பொத்துடி, என் தம்பியைக் கொல்லுறியா" என்று அவள் தலைமுடியைப் பிடித்தாள். பிடித்த இடத்திலிருந்து கனியின் உதட்டைப் பார்த்தாள். கை தானாக முடியை விட்டது. அவள் அப்படியே தம்பி முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து, "தூக்கி வளத்த கைய்யா இது, மன்னிச்சுக்க" என்று சொல்லிவிட்டு, அவளும் இருமினாள்.

முதலில் பக்கத்து வீட்டில் யாரோ இருமினார்கள். பிறகு அதற்கடுத்த வீட்டில். டீக்கடையில் முத்திருளப்பன் அழுதுகொண்டே இருமினார், பஞ்சாலைக்காரர்கள் இருமினார்கள், கோயில் வாசலில், ரேஷன் கடை வரிசையில், பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை இருமினார்கள். விழுங்கி விழுங்கி வைத்திருந்ததெல்லாம் ஒரே நேரத்தில் வெளியே வந்தது. அத்தனை நெஞ்சிலிருந்து கிளம்பிய மூச்சும் சேர்ந்து தெருவில் ஒரு காற்றாகி, சருகுகளை உருட்டிக்கொண்டு வந்து, பவுன்தாய் வீட்டு வாசலுக்குள் நுழைந்தது.

சன்னாசி எழுந்தான். ஓரம் கலைந்துகொண்டே இருந்தது, இருந்தும் நின்றான். தன் கையைத் தூக்கி, முதல் தடவையாகப் பார்ப்பதுபோல, அதன் வழியாக அந்தப் பக்கத்துச் சுவரைப் பார்த்தான். பிறகு குனிந்து, பிள்ளையின் தலையைத் தொட வந்தான். தொடுவதற்கு ஒரு விரற்கடை இருக்கும்போது கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். சுடுசோற்றுப் பானையிலிருந்து பிள்ளையின் கையை நாம் இழுப்போமே, அந்த வேகத்தில் இழுத்துக்கொண்டான். வாசப்படியில் கழுத்தை வளைத்து வெளியே போனான். ஊர் மூச்சு அவனைத் தூக்கியது. கூரை தாண்டி, வேப்பமரம் தாண்டி, மேலே மூடியிருந்த பனியை ஓர் ஆள் அளவுக்குக் கிழித்துக்கொண்டு போனான், அந்த ஓட்டை வழியாக வெயில் விழுந்தது, ஏறுகாற்று வந்து அவனை வாங்கிக்கொண்டது. மறுபடி இறங்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் பள்ளிக்கூட மாடியில் பச்சை விளக்கு எரிந்ததாகச் சொன்னார்கள். வீட்டுக்குள் சாம்பல் வாசனைகூட மிச்சமில்லை. பவுன்தாய் தெற்குச் சுவரோரம் கிடந்தாள். கனி மெதுவாக மடித்த உதட்டை விட்டாள், ஒரு மூச்சு இழுத்தாள், அது தடங்கலில்லாமல் உள்ளே போனது, அதில் அவளே கொஞ்சம் பயந்த மாதிரி இன்னொன்று இழுத்தாள். உதட்டில் நீலம் போய்ச் சிவப்பு வந்தது. மூன்றாவது மூச்சை நெஞ்சு நிறைய இழுத்து, அத்தனையையும் ஒரே சத்தமாக்கி, "அப்பா" என்று கத்தினாள்.

அப்படி ஒரு குரல் அவளுக்கு இருந்தது அதுவரைக்கும் யாருக்கும் தெரியாது. வாசலுக்கு ஓடி, தெருவுக்கு ஓடி, மலையைப் பார்த்து நின்று கத்தினாள், மலையில் பட்டுத் திரும்பி வந்தது, மறுபடி கத்தினாள். அம்மாவை அடித்தாள், அத்தையைக் கடித்தாள், மண்ணில் விழுந்து புரண்டு அழுதாள். செல்லத்தாய் அவளைத் தூக்கி அணைத்து வாயைப் பொத்தப் போனபோது பவுன்தாய் வேண்டாம் என்று கையைக் காட்டினாள். அவள் சுவரில் தலையைச் சாய்த்து, கழுத்துத் தாலியைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, பிள்ளை அழுவதை ஒரு சத்தம் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். பொழுது சாயும் வரைக்கும் கனி அழுதாள். அத்தனை அழுகைக்கும் நடுவில் ஓர் இருமல்கூட வரவில்லை.